காரணம்: குடை

கண் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அதே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பெயரும் வயதும் கேட்டு, எண் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுக்கிற வேலை. அவளைவிட வயதில் மூத்த பெரிய டாக்டர்கூட அக்கா என்றே சொல்லுவார். அவளுக்கு வயது ஐம்பத்தாறு. கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் வேறு ஊரில் வேலை, குடும்பம் என்று இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து ஒன்பது, பத்து நிமிடம் பேசுவாள். மற்ற நாட்களில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அதற்குப்பிறகு வாயைத் திறக்க அவசியமே இருக்காது. மறுநாள் முதல் நோயாளியிடம் "பேரு?" என்று கேட்கும்போது தொண்டை கரகரக்கும். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பேசாத தொண்டை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வரிசையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் வந்து நின்றார்கள். ஒருவனுக்குக் கண் சிவந்திருந்தது. மற்றவன் துணைக்கு வந்தவன்.

"நிஜமாவே வலிக்குதுடா. ரெண்டு நாளா தூக்கமே இல்ல" என்றான் கண் சிவந்தவன்.

"டேய், குடை விடாத. நேத்து மேட்ச் பாக்கும்போது வலிக்கலியா?"

பாதி கிழித்த சீட்டோடு அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி, இப்ப என்ன சொன்னீங்க?"

துணைக்கு வந்தவன் வெலவெலத்துப் போனான். "சாரி ஆன்ட்டி. கெட்ட வார்த்தை எல்லாம் இல்ல."

"கெட்ட வார்த்தைன்னு நான் சொல்லல. குடைன்னு சொன்னீங்களே, அப்படின்னா என்ன?"

"பொய்யி ஆன்ட்டி. முழுப் பொய்யின்னு சொல்ல முடியாது. ஒரு சாக்கு. கதை விடுறான்னு சொல்லுவாங்கல்ல, அது மாதிரி."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"இதை யாரு சொல்லிக் குடுப்பாங்க? எல்லாரும் சொல்றதுதான். எங்க ஏரியா ஆட்டோக்காரங்க வாயைத் தொறந்தாலே குடைதான்."

வரிசையின் பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "டோக்கனுக்கே இவ்வளவு கேள்வின்னா, டாக்டர் எவ்வளவு கேப்பாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அன்று முழுவதும் எண்கள் தப்பிக்கொண்டே இருந்தன. முப்பத்தேழாம் எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டாள். அவர்கள் டாக்டர் அறை வாசலில் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சொல் அவளுடையது. அவளும் அவரும் சேர்ந்து வைத்துக்கொண்டது. நான்கு வருடமாக அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்ல வேண்டியவர் போய்விட்டார். கேட்க ஆள் இல்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணம் ஆன இரண்டாவது வருடம் அது. அவர் பஸ் பணிமனையில் ஃபிட்டர். ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வெளிப்பக்கமாக இரும்புப் படி. அந்த வருடம்தான் அவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு சமைப்பாள், துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். அதற்கு மேல் எதுவும் அவளிடம் இல்லை. ஒரு நாள் காலை பதினோரு மணிக்குப் படியில் தடதடவென்று சத்தம். அவர் கிரீஸ் படிந்த சட்டையோடு மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

"என்னங்க இந்நேரத்துல?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்: "குடையை மறந்துட்டேன்."

வெளியே தீயாய் வெயில். அதைவிட முக்கியமாக, அவர்களிடம் குடையே கிடையாது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை போனபிறகு அவள் சிரித்தது அன்றுதான். அவரும் சிரித்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி ஓடினார்.

அதற்குப்பிறகு வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அவர் குடை எடுக்க வந்தார். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று அவள் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டாள். போகப்போக அந்தச் சொல் வளர்ந்தது. யாராவது ஒருவர் ஊருக்குப் போயிருந்தால், திரும்பி வந்ததும் "ஒரே குடையா இருந்துச்சு" என்பார்கள். சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தால், மூன்றாம் நாள் அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "குடையை மறந்துட்டேன்" என்பார்; அதோடு சண்டை முடிந்தது. பிறகு நிஜமாகவே ஒரு குடை வாங்கினார்கள். பெயர் குழம்பக் கூடாது என்று அதற்கு மழைக்குடை என்று பெயர் வைத்தார்கள். மகள் சின்ன வயதில், "எல்லார் வீட்டிலயும் குடைன்னுதானே சொல்றாங்க, நாம மட்டும் ஏன் மழைக்குடைன்னு சொல்றோம்?" என்று கேட்பாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே தவிர, பதில் சொன்னதில்லை.

கடைசியாக அந்தச் சொல்லைச் சொன்னது அவள்தான். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்து, மூச்சுக் கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களிடம், "குடையை மறந்துட்டேன்" என்றாள். அந்தக் கண்கள் சிரித்தன. மறுநாள் அவர் இல்லை.

இப்போது அதே சொல்லை ஒரு கல்லூரிப் பையன் பொய் என்ற அர்த்தத்தில் சொல்கிறான்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தவள் நேராக ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். மூன்று பேர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அவளைத் தெரியும்.

"அண்ணே, குடை விடுறதுன்னா என்ன?"

பருத்த டிரைவர் டீயைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட யாருக்கா குடை விட்டது? ஆளைக் காட்டுங்க, கேப்போம்."

"யாரும் விடல. அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்."

கண்ணாடி போட்ட டிரைவர் தொண்டையைச் செருமினார். "குடையுறதுலேருந்து வந்ததுக்கா. வண்டு மரத்தைக் குடையுதுல்ல? பொய் சொல்றவன் அந்த மாதிரி நம்ம மண்டையைக் குடைவான். அதான் குடை."

"நீ ரொம்பக் கண்டே" என்றார் பருத்தவர். "வண்டி குடை சாயுதுல்ல? அது மாதிரி பேச்சு ஒரு பக்கமா சாஞ்சா அது குடை. இதுல வண்டு எங்கய்யா வந்துச்சு?"

"வண்டி மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

மூன்றாமவர் இவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். "ரெண்டும் இல்லக்கா. நான் இதுக்கு முன்னாடி பஸ்ல கண்டக்டரா இருந்தவன். ஒரு டிரிப்பை ஓட்டாம டிமிக்கி குடுத்துட்டுப் போனா, 'குடை போட்டுட்டான்'னு அப்பவே சொல்லுவோம். டிப்போவுலேருந்து வந்த பேச்சு அது."

மற்ற இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபிறகும் வண்டும் வண்டியும் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தன. அவளுக்குக் காதில் விழுந்தது டிப்போ என்ற ஒரு சொல் மட்டும்தான்.

அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டுப் பணிமனைக்குப் போனாள். அவர் இறந்தபிறகு அவருடைய அலமாரியிலிருந்த செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிக்கொள்ள ஒரே ஒரு தடவை வந்திருக்கிறாள். வாசலில் சிறிய கூண்டு போன்ற அறையில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு டைம்கீப்பர் பெண், பெரிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டோக்கன் அக்கா எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக் வந்தான்.

"மேடம், ஒரு குடை."

டைம்கீப்பர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மணியைப் பார்த்து நோட்டில் எழுதினாள். "பன்னெண்டரைக்குள்ள வந்துடுங்க. இந்த மாசம் ரெண்டாவது குடை. அடுத்தது எடுத்தா அரை நாள் போயிடும்."

அவன் போய்விட்டான். டோக்கன் அக்கா கூண்டுக்கு அருகில் போனாள்.

"அது என்னம்மா, குடை?"

"அதுவா? ஒரு மணி நேர பர்மிஷன். ஆபீஸ் பேரு 'குறுகிய கால வெளிச்செல்லும் அனுமதி'. அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த ஒரு மணி நேரமே முடிஞ்சிடும். அதனால குடைன்னு சொல்லிடுவோம்."

"ஏன் குடைன்னு பேரு வந்துச்சு?"

"அந்தக் காலத்துல மழை வந்தா, வீட்டுக்குப் போய் குடை எடுத்துட்டு வர ஒரு மணி நேரம் விடுவாங்களாம். அப்படித்தான் எனக்குச் சொன்னாங்க. நீங்க யாரும்மா?"

தான் யார் என்று சொன்னாள். டைம்கீப்பர் எழுந்து நின்றுவிட்டாள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கடைசி வருடமாம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். பழைய விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இப்போது யாரும் இல்லை என்றும், பஸ்களுக்கு எண் எழுதிக்கொண்டிருந்த பெயின்டர் ஒருவர் பின்பக்கம் மூன்றாவது தெருவில் இருக்கிறார் என்றும் சொன்னாள். "நம்பர் ஐயான்னு கேளுங்க. நிஜப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது."

தெருவில் நடக்கும்போது அவளுக்கு அழுகையாக வந்தது. இவ்வளவு நாள் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை. அவரோ ஒரு பணிமனைக்கே சொல்லிச் சிரித்திருக்கிறார். ஷெட்டில் இருந்த நூறு பேர் அதை எடுத்துப் புழங்கியிருக்கிறார்கள், கண்டக்டர்கள் வாங்கியிருக்கிறார்கள், ஆட்டோக்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் பூட்டி வைத்திருந்ததாக நினைத்த பொருள் ஊரில் ஆளுக்கு ஒன்றாக இருந்திருக்கிறது.

நம்பர் ஐயாவின் வீடு தரைத்தளத்தில் ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. எழுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், ஜன்னலோரம் நாற்காலி போட்டு, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"யாரு?"

"நான் ஃபிட்டர் வீட்டுலேருந்து வர்றேன் அண்ணே. உங்க கூட வேலை பாத்தாரே..."

"ஃபிட்டர் வீட்டம்மாவா!" அவர் எழ முயன்று, கையால் காற்றைத் துழாவினார். "உள்ள வாம்மா. குரல்தான் கேக்குது, முகம் புகையா இருக்கு. அந்த ஸ்டூல் மேல என்னவோ கிடக்கும், எடுத்துக் கீழ வெச்சிட்டு உக்காரு. என்ன கிடக்குன்னு எனக்கே தெரியாது."

ஸ்டூல் மேல் நான்கு நாள் பழைய செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அவள் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"டிப்போவுல குடைன்னு சொல்றாங்களே, அது யாரு ஆரம்பிச்சது அண்ணே?"

பெயின்டர் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. "வேற யாரு? உன் வீட்டுக்காரன்தான். நோட்டு பூரா குடையா எழுதிவெச்சான். மேல ஆபீஸ்ல இருந்த கிளார்க் இறங்கி வந்து, 'ஊரெல்லாம் காயுது, உங்க ஷெட்டுல மட்டும் மழை பெய்யுதா?'ன்னு கேட்டான். அதுக்கப்புறம் எல்லாப் பயலும் குடைன்னே எழுத ஆரம்பிச்சிட்டான். வீட்டுல வேலை இருந்தா குடை, பல்லு வலிச்சா குடை."

"எதுக்கு நோட்டுல எழுதினாரு?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். அவள் குரல் வந்த திசையைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா? நான் உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"சொல்லுங்கண்ணே."

"உங்களுக்கு முதல் குழந்தை அப்படி ஆச்சே, அந்த வருஷம்மா."

முப்பது வருடத்துக்கு மேல் அவள் முன்னால் யாரும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியதில்லை.

"கீழ் வீட்டம்மா அவன்கிட்ட சொல்லியிருக்காங்க. உன் சம்சாரம் மொட்டைமாடியில கைப்பிடிச் சுவரைப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் கீழயே பாத்துக்கிட்டு நிக்கிறா, எனக்கு என்னமோ பயமா இருக்கு, பாத்துக்கோன்னு. மறுநாள் வந்தவனுக்குக் கையில ஸ்பேனர் நிக்கல. ஃபோர்மேன் அவனை டயர் அடுக்குக்குப் பின்னால கூட்டிட்டுப் போய் விசாரிச்சாரு. பக்கத்துல ஒரு வண்டிக்கு நம்பர் எழுதிக்கிட்டிருந்தேன், அதனால எனக்குக் காதுல விழுந்துச்சு. வேற யாருக்கும் தெரியாது, நானும் சொன்னதில்ல. ஃபோர்மேன் நல்ல மனுஷன். தினமும் பதினோரு மணிக்குப் போய் ஒரு எட்டு பாத்துட்டு வா, நான் சமாளிச்சிக்கிறேன்னாரு. ஆனா கேட் நோட்டுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கே? உடம்பு சரியில்லன்னு தினமும் எழுதினா டாக்டர் சீட்டு எங்கன்னு கேப்பான். இதுக்கெல்லாம் சீட்டா வாங்க முடியும்? அன்னைக்கு லேசா தூறல். 'குடை மறந்துவிட்டது'ன்னு எழுதிட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடினான். மறுநாள் வெயில், அதையேதான் எழுதினான். மூணாவது நாள்லேருந்து குடைன்னு ஒரே சொல்லு. நாலு மாசம், ஞாயித்துக்கிழமை தவிர ஒரு நாள் தப்பல."

"தினமுமா?" என்றாள் அவள். "இல்லண்ணே. வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள்தான் வருவாரு."

"மேல ஏறி வந்தது அவ்வளவுதான் இருக்கும்."

அவளுக்குப் புரியவில்லை.

"ஒரு தடவை நானும் கூடப் போயிருக்கேன். சைக்கிளைத் தெருமுனையிலயே நிறுத்திட்டான். இரும்புப் படிக்குக் கீழ போய் நின்னு காதைக் குடுத்துக் கேட்டான். மேல நீ பாத்திரம் கழுவுற சத்தம். 'சரி, வா போலாம்'னுட்டான். இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன்டா மேல போகலன்னு கேட்டேன். தினமும் போய் நின்னா, காவலுக்கு வர்றேன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்னான். சத்தம் கேட்டா திரும்பிடுவானாம். சத்தமே இல்லாத அன்னைக்குத்தான் ஏறுவானாம்."

பெயின்டர் பேசி முடித்துவிட்டார். வெளியே யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணே."

"என்னன்னும்மா சொல்லுவான்?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பஸ் ஏறத் தோன்றவில்லை. வீடுவரை நடந்தே போனாள்.

வீட்டுக்கு வந்து மின்விசிறியைக்கூடப் போடாமல் உட்கார்ந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. முப்பத்தொரு வருடம் அவர் வாயிலிருந்து வந்த சொல்லை அவள் ஒன்றாக எடுத்துக்கொண்டாள். அவர் மனதில் இருந்தது வேறாக இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் இரண்டு பாஷை பேசியிருக்கிறார்கள். அவளுக்குச் சந்தோஷமான அந்தப் பதினோரு மணிகள் அவருக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறின பதினோரு மணிகள். மேலும் கீழும் பார்த்தாரே, ஆசையாகப் பார்க்கிறார் என்று நினைத்தாளே. மூச்சு வாங்கியதும் ஆசையால்தான் என்று நினைத்தாளே.

அந்தக் கைப்பிடிச் சுவரை நினைத்துப் பார்த்தாள். நின்றது நிஜம். எதற்காக நின்றாள் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. துணி காயப்போட்டுவிட்டு நின்றாள், அவ்வளவுதான் ஞாபகம்.

பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. அவர் வர ஆரம்பித்துச் சில வாரங்கள் ஆனதும், பத்தே முக்காலுக்கெல்லாம் அவள் வேலையை முடித்துவிடுவாள். குழாயை மூடிவிடுவாள். பாத்திரத்தைத் தொடமாட்டாள். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று, மூச்சுக்கூட மெல்ல விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படிச் சத்தமில்லாமல் காத்திருந்த நாளில்தான் அவர் வந்தார். வேலை முடியாமல் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்த நாளில் வரவில்லை. "நேத்து ஏன் வரல?" என்று கேட்டால், "வேலைம்மா" என்பார். கீழே நின்றுவிட்டுப் போனவர்.

மேலே அவள் அவருக்காகச் சத்தமில்லாமல் இருந்தாள். கீழே அவர் அந்த அமைதியைக் கேட்டுப் பதறி ஓடி வந்தார். வந்து பார்த்தால் அவள் வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் பகிர்ந்துகொள்ள அந்த வீட்டில் யாரும் இல்லை. எழுந்து மின்விசிறியைப் போட்டாள்.

அவர் எழுதிய கடிதங்கள் மொத்தமே மூன்று. மகள் பிறக்கும் நேரத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தபோது எழுதியவை. ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். ஒன்றில் நான்கே வரி: "நீ போனதிலிருந்து இங்கே ஒரே குடை. வேளைக்குச் சாப்பிடு. தனியாக மாடிக்குப் போகாதே. மற்றவை நேரில்." இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி படியேறக் கூடாது என்கிற கரிசனம் என்று நினைத்திருந்தாள். இப்போது குடை என்ற இடத்தில் ஏக்கம் என்று வைத்துப் படித்தாள்; சரியாக இருந்தது. பயம் என்று வைத்துப் படித்தாள். அதுவும் சரியாக இருந்தது. எந்த வருடத்தில், எந்த மாதத்தில் அவருடைய குடை அவளுடைய குடையாக மாறியது, அல்லது மாறவே இல்லையா என்று கேட்க இனி ஆள் இல்லை. கடிதத்தை மடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள். சாப்பிட்டாயா, கால்வலி எப்படி, வேலைக்காரம்மா வந்தாளா என்ற கேள்விகள் முடிந்து போனை வைக்கப் போகும் நேரத்தில் அவள் சொன்னாள்.

"உனக்கு முன்னாடி ஒரு குழந்தை இருந்துச்சு."

எதிர்முனையில் மகள் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவது கேட்டது.

"என்னம்மா சொல்ற?"

சொன்னாள். குழந்தையிலிருந்து ஆரம்பித்து, இரும்புப் படி, கேட் நோட்டு, பெயின்டர் வரைக்கும். கோவையாகச் சொல்ல வரவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னாள்.

"பையனா, பொண்ணா?"

"பையன்."

"பேரு?"

"வைக்கல."

மகள் மூக்கை உறிஞ்சினாள். "ஏம்மா இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" என்றாள் அவள். சொன்னபிறகுதான் அது பெயின்டர் சொன்ன பதில் என்று உறைத்தது.

"எங்க ஆபீஸ்ல கூட எல்லாரும் சொல்றாங்கம்மா. குடை விடாத, குடை விடாதன்னு. நானே சொல்லியிருக்கேன். அது அப்பா எழுதின சொல்லுன்னு நான் போய் அங்க சொன்னா, என்னைப் பாத்து என்ன சொல்லுவாங்க தெரியுமா?"

"குடை விடுறேன்னு சொல்லுவாங்க."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவரைப் பற்றிப் பேசி இருவரும் சேர்ந்து சிரித்தது அவர் போனபிறகு அன்றுதான். அன்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். அடுத்த ஞாயிறு மகளின் பிள்ளைக்குப் பரீட்சை; பழையபடி ஒன்பது நிமிடம்தான். அவளுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஆனால் போனை வைத்தபிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

அந்த ஞாயிறு மத்தியானமே அவள் மறுபடியும் நம்பர் ஐயா வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை கேட்பதற்கு ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் அவர் முகத்தைத் திருப்பச் சொல்லிக் கண்ணைப் பார்த்தாள். பதினாறு வருடம் கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவளுக்கு அதைக் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை. இரண்டு கண்ணிலும் புரை, கண்ணாடிக்குப் பின்னால் பால் ஊற்றியது போல.

"இதை ஏன் அண்ணே இத்தனை நாள் காட்டாம விட்டீங்க? அரை மணி நேர ஆபரேஷன்."

"கூட யாரு வர்றது? துணை இல்லாம உள்ள விட மாட்டான்னு சொன்னாங்க. பையன் இருக்கான். எங்க இருக்கான்னும் தெரியும். பேச்சுதான் இல்ல."

"புதன்கிழமை எட்டு மணிக்குத் தயாரா இருங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்?"

"நீங்க வாழ்க்கை பூரா பஸ்ஸுக்கு நம்பர் போட்டீங்க. நான் ஆளுக்கு நம்பர் போடுறேன். ஒரே தொழில்தானே? வாங்க."

புதன்கிழமை அவள் லீவு எடுத்துக்கொண்டு, முதல் முறையாகக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்றாள். அவள் இடத்தில் உட்கார்ந்திருந்த பெண் பதறி எழுந்து, "அக்கா, நீங்க எதுக்கு வரிசையில?" என்றாள். பரவாயில்லை என்று சொல்லி, பதினொன்றாம் எண் வாங்கிக்கொண்டாள். பெயின்டர் சீட்டைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஒன்னும் கோணலா இருக்கு. யாரு எழுதினது?" என்று குறை சொன்னார்.

பரிசோதனைகள் முடிந்து, முதலில் வலது கண்ணுக்கு அன்றே ஆபரேஷன் என்று சொல்லி, சம்மதப் படிவம் கொடுத்தார்கள். நர்ஸ் பேனாவோடு நின்றாள். பெயர், வயது, விலாசம் எல்லாம் டோக்கன் அக்காவே எழுதினாள். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. தங்கை என்று எழுதலாம், ஆனால் தங்கை இல்லை. நண்பரின் மனைவி என்று எழுதலாம். அந்த நண்பர் இப்போது இல்லை. கொஞ்சம் யோசித்து, 'தெரிந்தவர்' என்று எழுதினாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "தெரிஞ்சவங்கன்னா எப்படிக்கா? பக்கத்து வீடா? சொந்தமா?"

"தெரிஞ்சவங்கதான்மா."

"அப்படி எழுதினா மேல கேப்பாங்களே."

"கேட்டா என்னை வரச் சொல்லு. நான் இங்கதான் இருப்பேன்."

பெயின்டருக்குப் பச்சைத் துணியில் சட்டை மாட்டி, தலைக்கு உறை போட்டு, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கதவுக்குள் போகுமுன் அவர் தலையைத் திருப்பி, அவள் நிற்காத பக்கமாகப் பார்த்து, "போயிடாதம்மா" என்றார்.

"போகல. இங்கதான் இருக்கேன் அண்ணே."

கதவு சாத்திக்கொண்டது. கூடத்தில் துணைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளும் ஒரு காலி நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, அவருடைய செருப்பையும் சட்டையையும் பையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலிப் பெண், "உங்க வீட்டுல யாருக்கு?" என்று கேட்டாள். டோக்கன் அக்கா சொல்ல ஆரம்பித்தாள்.